ஐயாவுக்கு வைத்த மூக்கு

ஐயா செத்துப்போன செய்தி எனக்கு ஷார்ஜாவுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய முப்பத்தோராம் நாளும் முடிந்துவிட்டிருந்தது. சண்டைக்கு ஓடிப்போய் ஐயாவும் அம்மாவும் தங்கியிருந்த வன்னியில் அப்போது போன் இல்லை, பாதை இல்லை, மருந்தும் இல்லை. காய்ச்சல் மட்டும் தாராளமாக இருந்தது. அங்கிருந்து எப்படியோ வெளியே வந்த ஊர்க்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து எங்கள் றூமுக்குக் கூப்பிட்டு, "பிள்ளை, மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று தொடங்கினார். அதற்குமேல் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல் இருக்க நான் என்ன பச்சைப்பிள்ளையா?

நான் ஷார்ஜாவின் ஓரத்தில், முவைலாவில் கம்பெனி தந்த றூமில் இருந்தேன். வேலை, நகரத்தில் ஒரு நூதனசாலையில், அதுதான் மியூசியத்தில், துப்புரவு. உயர்தரம் வரை படித்தவள் என்று சொல்லி இரக்கம் தேட எனக்கு விருப்பமில்லை. காலையில் வான் வரும், ஏறுவோம். சூப்பர்வைசர் "ஜல்தி, ஜல்தி" என்பார், இறங்குவோம். கண்ணாடி துடைப்பது, தரை துடைப்பது, கழிவறை கழுவுவது. என்னோடு றூமில் இருந்தவள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு நான் அழுது முடித்ததும் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அவ்வளவுதான் ஐயாவுக்கு நான் கொண்டாடிய துக்கம். அடுத்த நாள் டியூட்டி.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்தார்கள். அம்மா வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்து வீட்டுக்குத் திரும்பிப் போனா. வீடென்றால் குண்டு விழுந்து எரிந்த சுவர்தான். கூரை இல்லை, கதவு இல்லை. படங்கள் ஒட்டிய அல்பம் இருந்த அலுமாரியின் கைபிடிகூட மிஞ்சவில்லை. ஐயாவின் முகம் இருந்த கடைசித் தாள் அவருடைய அடையாள அட்டை. அதைச் சோதனைச்சாவடியில் வாங்கிப் பார்த்தவன் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டதற்கு நாளைக்கு வா என்றானாம். ஐயாவுக்கு நாளை என்பது கிடைக்கவில்லை.

அப்போதுதான் கனடாவிலிருந்து அண்ணன் போன் எடுத்தான். ஐயாவின் முதல் வருட ஆட்டைத் திவசத்தை ஊரில் பெரிசாகச் செய்யப்போகிறானாம். செத்தபோது ஒழுங்காக ஒன்றும் நடக்கவில்லை, இப்போதாவது ஒரு கல்வெட்டு அடித்துக் கொடுக்க வேண்டுமாம்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால் நினைவாகச் சின்னப் புத்தகம் ஒன்று அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்போம். அதைத்தான் கல்வெட்டு என்போம். முதல் பக்கத்தில் படம். பிறகு தேவாரம். பிறகு யார் யாரை எங்கே கலியாணம் கட்டினார்கள் என்ற வரலாறு. கடைசியில் நன்றி நவிலல். வருகிறவர்கள் தேவாரத்தைப் படிப்பதில்லை. முதல் பக்கத்தைப் பார்த்து "சா, என்ன மாதிரியான மனிசன்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போவார்கள்.

"படமில்லாத கல்வெட்டு எண்டா சனம் என்ன கதைக்கும்?" என்றான் அண்ணன். "மூத்தவன் கனடாவில இருந்தும் தேப்பனுக்கு ஒரு படம் போட வக்கில்லை எண்டுதானே கதைக்கும்?"

"படமெல்லாம் எரிஞ்சுபோச்செண்டு சனத்துக்குத் தெரியாதே அண்ணை? அவையின்ரையும்தானே எரிஞ்சது?"

"உனக்கு உந்த வாய் மட்டும் குறைவில்லை" என்று போனை வைத்தான்.

கனடாவிலேயே படம் கீறுகிற ஓவியர் ஒருவரைப் பிடித்தான். சொல்லச் சொல்லக் கீறித் தருவாராம். அண்ணன் ஊரைவிட்டுப் போனது மீசை அரும்பிய வயதில். அவன் சொன்ன ஐயா கறுத்த மீசையும் அகன்ற நெஞ்சுமாக இருந்தார். அம்மாவைக் கேட்டால், "நல்ல வடிவான மனிசன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. எனக்கு அவருடைய வாய்தான் நினைவில் நின்றது. இடப்பக்கத்துக் கடைவாய்ப் பல்லெல்லாம் விழுந்து, அந்தப் பக்கத்து உதடு உள்ளே போய், எதற்கும் சம்மதிக்காத ஒரு வாய். எங்கள் மூன்று பேரிடமும் மூன்று ஐயா இருந்தார்கள். கீறுகிறவர் பாவம், என்ன செய்வார்? முதலில் கலண்டர் முருகனுக்கு வயது போனமாதிரி ஒருவரைக் கீறினார். அடுத்தது தேர்தலில் நிற்கிற ஆள்மாதிரி இருந்தது. ஸ்கான் பண்ணி எனக்கு அனுப்பியதை இன்டர்நெட் கடையில் திறந்து பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அழுகை வந்தது.

அந்த வருடம் வெயில் தணிகிற காலத்தில் எங்கள் நூதனசாலைக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு கண்காட்சி வந்தது. பழைய ரோமாபுரிச் சிலைகள். பெரும்பாலும் தலைகள்தான், பளிங்கில். பெட்டி உடைத்து ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கும்போது நாங்கள் ஓரமாக நின்றோம். தோட்டத்துக்காரி என் காதுக்குள், "என்னக்கா இது, எல்லாம் கெழடுங்களா இருக்கு. ஒரு நல்ல மூஞ்சி கெடைக்கலையா இவங்களுக்கு?" என்றாள்.

அவள் சொன்னது சரி. நாங்கள் கல்லில் கும்பிட்டுப் பழகிய சாமிகளுக்கு வயது போவதில்லை. எங்கள் கோயில் தூணில் நிற்கிற பெண்ணுக்கு ஆயிரம் வருடமாகியும் இடுப்பில் ஒரு மடிப்பு விழவில்லை. இங்கே பார்த்தால் தொங்கிய தாடை, குழிந்த கன்னம், கழுத்தில் கோழிக்கு வருவதுபோலத் தளர்ந்த தோல், நெற்றியில் மரு. ஒருவருக்குச் சவரம் செய்து இரண்டு நாளான தாடிகூடக் கல்லில் குத்துக் குத்தாக இருந்தது. உரிச்சு வைத்த மாதிரி என்று நாங்கள் சும்மா பேச்சுக்குச் சொல்வோம். இவர்கள் அதை உளியால் செய்திருந்தார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்ட லெபனான்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் கண்ணாடி துடைத்தபடி அவள் ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்பேன். ரோமர்கள் தங்கள் பெரியவர்களை அழகாக்கவில்லை, கண்டதைக் கண்டபடி செதுக்கினார்கள் என்பாள். பெரிய வீடுகளில் செத்தவரின் முகத்தை மெழுகில் செய்து முன்மண்டபத்தில் வைத்திருப்பார்களாம். வீட்டில் இன்னொரு சாவு விழுந்தால் அந்தப் பழைய முகங்களையும் எடுத்துக்கொண்டு ஊர்வலம் போவார்களாம். பாட்டன், பூட்டன் எல்லாருடைய முகமும் வீட்டில் இருக்கும். கேட்க எனக்கு வயிறு எரிந்தது. கொடுத்துவைத்த சனம். அவர்களுடைய வீட்டுக்கு மேல் குண்டு விழவில்லை.

இரண்டாவது மண்டபத்தின் மூலையில், தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில், அவர் இருந்தார். பெயர் தெரியாத முதியவரின் தலை என்று எழுதியிருந்தது. மூக்கு உடைந்து வெறும் தழும்பாக இருந்தது. ஆனால் வாய்! இடப்பக்கம் உதடு உள்ளே போய், அதற்குமேல் மூக்கோரத்திலிருந்து ஒரு கோடு ஆழமாக இறங்கி, எதற்கும் சம்மதிக்காத அதே வாய். ஒரு கண்ணின் மேல்மடல் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஐயாவுக்கும் அப்படித்தான். மனேச்சராக இருந்த கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்குப் பார்க்கும்போது அந்தக் கண்ணைச் சுருக்குவார். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சூப்பர்வைசர் வந்து, "கியா ஹுவா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அதன்பிறகு அந்த மூலையை நானே துடைப்பேன் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தேன். கல்லைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை. பீடத்தையும் தரையையும் மட்டும்தான். நூதனசாலையிலேயே சுத்தமான தரை அந்த மூலைத் தரையாக இருந்திருக்கும்.

றூமில் சொன்னபோது தோட்டத்துக்காரி நம்பவில்லை. "எங்கப்பாவுக்கும் படம் கெடையாதுதான் அக்கா. லயத்து வீட்டுல யாரு படம் புடிச்சா? அவரு எப்புடி இருந்தாருன்னு யாராச்சும் கேட்டா என் மூஞ்சியப் பாருங்கன்னு சொல்லிருவேன்" என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "அந்தக் கல்லு மூஞ்சியப் படம் புடிச்சு அனுப்புங்க. அதப் பாத்து வரையட்டும்" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வாயையும் கண்மடலையும் பார்த்துக் கீறட்டும், மிச்சத்தை நான் சொல்லித் திருத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் நல்ல உடுப்பு உடுத்தி, டிக்கட் வாங்கி, வந்து பார்க்கிறவர்களாகவே உள்ளே போனோம். தினமும் எங்களைப் பார்க்கிற காவல்காரர் யூனிஃபார்ம் இல்லாததால் அடையாளம் தெரியாமல் "வெல்கம் மேடம்" என்றார். பிளாஷ் போடாமல் படம் எடுக்கலாம் என்பது சட்டம். கடன் வாங்கிய கமெராவில் முன்னாலும் பக்கத்தாலும் எடுத்தோம். றோலாக் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் கழுவி, ஸ்கான் பண்ணி அண்ணனுக்கு அனுப்பினேன். "இது மாதிரி வாய், இது மாதிரி கண். மூக்கை நான் சொல்லுவன். கீறினதும் எனக்கு முதலில் அனுப்பு" என்று எழுதினேன். தெளிவாகத்தான் எழுதினேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவனா அவன்?

பதில் வரவில்லை. போன் எடுத்தால், "எல்லாம் நடக்குது, நீ பேசாமல் இரு" என்றான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. திவசத்துக்கு அண்ணன் குடும்பத்தோடு ஊருக்குப் போய்ச் செய்துவிட்டு வந்தான். ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஒருத்தியின் கையில் கல்வெட்டு ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டிருந்தான்.

திறந்தேன். முதல் பக்கத்தில் அந்த ரோமாபுரிக்காரர் பட்டுச் சால்வை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கீறவே இல்லை. நான் அனுப்பிய கல்லின் படத்தையே கம்ப்யூட்டரில் போட்டுத் தோல் நிறம் பூசியிருந்தார்கள். கல்லில் வெறுமையாக இருந்த கண்ணுக்குள் கறுப்பு விழி வைத்திருந்தார்கள். நெற்றியில் மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனப்பொட்டு. ஒட்ட வெட்டிய ரோமாபுரித் தலைமயிருக்கு நரை. கழுத்துக்குக் கீழே யாருடையதோ தோள். உடைந்த மூக்கு இருந்த இடத்தில் நீளமான, நுனி வளைந்த, எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லாத ஒரு மூக்கு. அதன் கீழே ஐயாவின் பெயர், பிறந்த ஊர், சிவபதம் அடைந்த நாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணனோடு கதைத்தே போன் கார்ட் முழுவதும் முடிந்தது.

"எடி, நீதானே அனுப்பினாய்? ஐயாவைப் போலவே இருக்கெண்டு நீதானே எழுதினாய்?"

"பார்த்துக் கீறச் சொல்லி அனுப்பினது. அந்த ஆளையே தூக்கிப் போடச் சொன்னனானே? அந்த மூக்கு ஆரின்ரை மூக்கு?"

"ஸ்டூடியோக்காரன் வைச்சவன். மூக்கில்லாமல் போடுறதே? இஞ்ச பார், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. எல்லாரும் நல்ல படம் எண்டுதான் சொன்னவை. சங்கக்கடையில ஐயாவோட வேலை செய்த ஆள் படத்தைக் கண்டு அழுதவர், தெரியுமே? இவள் சின்னவளைப் பார்த்துப்போட்டு, அப்பப்பாவின்ர மூக்கு அப்பிடியே பேத்திக்கு வந்திருக்கெண்டு மாமி சொல்லுறா."

ரொறன்ரோவில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஒருவன் கம்ப்யூட்டரில் இழுத்துவிட்ட மூக்கு என் அண்ணன் மகளுக்குப் பரம்பரையாக வந்துவிட்டது. விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவவுக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அது ஐயா இல்லை, வெள்ளைக்காரர் தேசத்துக் கல், நான் துடைக்கிற இடத்தில் நின்றது என்று சொன்னேன்.

"அது அவரில்லையெண்டு எனக்குத் தெரியாதே பிள்ளை?" என்றா. "ஆனால் விளக்குக் கொளுத்தினால் அதுக்கு முன்னால ஒரு முகம் வேணும். வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக் கும்பிட்டு எனக்கு அலுத்துப்போச்சு. உனக்குப் புண்ணியமாப் போகும், இதைப்பற்றி இனிக் கதையாதை."

கதைக்கவில்லை. பெரிய படமாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவினார்கள். அம்மா தினமும் பூ வைத்தா.

கண்காட்சி முடிகிற நாட்களில் லெபனான்காரி ஓய்வாக நின்றபோது நானே அவளிடம் போய் ஒரு விஷயம் கேட்டேன். பல நாளாக மனதில் கிடந்தது. வெவ்வேறு ஆட்களுடைய தலைகள் என்கிறீர்கள், ஆனால் நாலைந்து பேருக்கு நெற்றிச் சுருக்கம் ஒரே மாதிரி இருக்கிறதே, வாயோரக் கோடும் ஒரே மாதிரி இறங்குகிறதே, ஏன்? அவள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். அந்தக் காலத்தில் வயது போனவராக, கடுமையானவராகத் தெரிவதுதான் மதிப்பாம். அதனால் சுருக்கத்தையும் பொக்கை வாயையும் கேட்டுப் போட்டுக்கொண்டவர்களும் உண்டாம். பட்டறைகளில் அதற்கென்று ஒரு பழக்கப்பட்ட வேலைமுறை இருந்ததாம். "அப்படியென்றால் இவர் உண்மையில் இப்படித்தான் இருந்தாரா?" என்று மூலையைக் காட்டிக் கேட்டேன். "யாருக்குத் தெரியும்? இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்று தோளைக் குலுக்கினாள்.

அதோடு எல்லாம் சரி. என் ஐயாவின் இடத்தில் இருப்பவர் வேறொரு வீட்டுக் கிழவர் என்றாவது நினைத்திருந்தேன். அதுவும் நிச்சயமில்லையாம். அந்த வாய்கூட ஊர் வழக்கமாக இருக்கலாமாம். கண்காட்சிக்காரர்கள் தலைகளைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடைத்து ஆணி அடித்தார்கள். நான் அந்த இடத்துக்குப் போகவில்லை. "கலாஸ்", எல்லாம் முடிந்தது என்று சூப்பர்வைசர் கையைத் தட்டினார். அடுத்த வாரம் அங்கே முத்துக் குளிப்பவர்களின் சாமான்கள் வந்தன.

சில வருடங்கள் போயின. ஊரில் திரும்பச் சண்டை தொடங்கியது. பாதை மூடினார்கள். தோட்டத்துக்காரி கலியாணம் கட்டப் போய்விட்டாள். நான் மட்டும் அதே வான், அதே துணி. அந்த நாட்களில்தான் லண்டனிலிருந்து எனக்கு ஓர் ஈமெயில் வந்தது. ஐயாவோடு சங்கக்கடையில் வேலை செய்தவர் ஒருவருடைய மகன். தகப்பனின் பழைய சாமான்களைக் கிளறும்போது கிடைத்தது என்று ஒரு படத்தை இணைத்திருந்தார். கடை ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்த குழுப்படம். "உங்கள் ஐயாவும் இதில் இருக்கிறார், உங்களிடம் படம் இல்லை என்று கேள்விப்பட்டேன்" என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர். அவருக்கு என்ன தெரியும்.

இன்டர்நெட் கடையில் பக்கத்தில் ஒரு பையன் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் திறந்தது. கதிரைகளில் ஒரு வரிசை, பின்னால் நிற்கிற ஒரு வரிசை. தேடினேன். நிற்கிறவர்களில் ஒல்லியான ஒருவரைக் கண்டு, இவர்தான், வாயைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழத் தொடங்கிவிட்டேன். பிறகுதான் ஈமெயிலின் மிச்சத்தை வாசித்தேன். கதிரையில் இருப்பவர்களில் நடுவில் உள்ளவர் உங்கள் ஐயா என்று இருந்தது.

நடுவில் இருந்தவரை நான் ஏற்கெனவே பார்த்துக் கடந்திருந்தேன். உருண்டை முகம். சப்பை மூக்கு. யாரோ பகிடி சொல்லியிருக்க வேண்டும், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த கையைப் பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது. சுண்டுவிரல் கோணல். கிணற்றுக் கயிற்றில் மாட்டி முறிந்தது. அந்தக் கை எனக்குத் தெரியும். அந்தக் கையைப் பிடித்து நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். கையிலிருந்து மெல்ல மேலே போய் முகத்தைப் பார்ப்பேன். அங்கே ஒரு சங்கக்கடை மனேச்சர் சிரித்துக்கொண்டிருப்பார்.

இளவயதில் எடுத்தது, அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, கொழும்புக்குப் போகிற ஒருத்தியிடம் கொடுத்தேன். அது கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர வெகுநாள் எடுத்தது. சேர்ந்ததும் அம்மா கூப்பிட்டா. கண்ணாடி போட்டுக்கொண்டு நல்ல வெளிச்சத்தில் பார்த்ததாகச் சொன்னா.

"ஆர் பிள்ளை இது?"

"ஐயா, அம்மா. சங்கக்கடையில எடுத்த படம்."

"விசர்க்கதை கதையாதை. அவர் இப்பிடியே இருந்தவர்? இந்த முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவரின்ர மூக்கு நீளமெல்லோ? நுனியில ஒரு வளைவு. அவரோட வாழ்ந்த எனக்குத் தெரியாதே?"

விரலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். முகத்தை மட்டும் வெட்டி அனுப்பியது அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் கையில் இருந்த துண்டில் விரல் இல்லை.

"நீ அந்த லண்டன் பெடியனுக்கு எழுது" என்றா அம்மா. "ஆரின்ரையோ தேப்பனை எங்களுக்கு மாறி அனுப்பிப்போட்டான். பாவம், அந்தப் பிள்ளையளும் ஒரு படமில்லாமல் தேடிக்கொண்டிருக்குங்கள். அதைத் திருப்பிக் குடுத்துவிடு."